இன்மையை அறிதல்: மின் அக்குபஞ்சரும் இதயக் கருவியும்

மின் அக்குபஞ்சரில் ஊசிகள் இரண்டிரண்டாக ஒரு கருவியோடு இணைக்கப்பட்டு, இடையிலுள்ள சதை வழியே சிறு மின்துடிப்புகள் செலுத்தப்படுகின்றன. இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரோ, உடலுக்குள் வைக்கப்படும் டிஃபிபிரிலேட்டரோ பொருத்தப்பட்டவருக்கு இந்தச் சிகிச்சை செய்யலாமா என்பது மேலோட்டமாகப் பார்த்தால் மருத்துவக் கேள்வி மட்டுமே. ஆனால் மருத்துவ இதழ்களில் இதற்குக் கிடைக்கும் நேரடிச் சான்று மிகக் குறைவு. தீங்கு நேர்ந்ததாகச் சொல்லும் அறிக்கைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒரே நிலையிலிருந்து ஒருவர் ‘ஆகவே செய்யலாம்’ என்கிறார். மற்றொருவர் ‘ஆகவே கூடாது’ என்கிறார். இருவர் கையிலும் இருக்கும் தரவு ஒன்றுதான். ஒரு பொருள் காணப்படவில்லை என்பதிலிருந்து அது இல்லை என்று அறிய முடியுமா, முடியும் என்றால் எப்போது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். இந்தியத் தத்துவ மரபில் அளவையியலார் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாதிட்ட கேள்வி இது.

முதலில் கருவி. உடலுக்குள் முழுவதுமாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அறுவை செய்தவர் ஓகே சென்னிங். கருவியைச் செய்தவர் ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர். லார்சன் அதன்பின் பல கருவிகள் மாற்றி 2001 வரை உயிர் வாழ்ந்தார். அந்த முதல் கருவிக்கு இதயத்தைக் கவனிக்கத் தெரியாது. இதயம் தானாகத் துடித்தாலும் துடிக்காவிட்டாலும், வைத்த வேகத்தில் துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் வெளி மின்சாரம் அதை ஏமாற்றவும் வழியில்லை. இதயத்தின் சொந்தத் துடிப்பை உணர்ந்து, தேவைப்படும்போது மட்டும் இயங்கும் பேஸ்மேக்கர்கள் 1960களில் வந்தன. 1980இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், மிஷெல் மிரோவ்ஸ்கியின் முயற்சியால், முதல் டிஃபிபிரிலேட்டர் ஒரு நோயாளியின் உடலுக்குள் வைக்கப்பட்டது. ஆபத்தான தாளக்கேட்டை அறிந்தால் அது தானே அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும்.

காணும் திறன் வந்ததும் தவறாகக் காணும் வாய்ப்பும் வந்தது. சைவ சித்தாந்த அளவையியல் இதுவோ அதுவோ என்று தயங்கும் ஐயக்காட்சி, ஒன்றை மற்றொன்றாகக் காணும் திரிபுக்காட்சி என்று குற்றமுள்ள காட்சிகளைப் பிரித்துக் காட்டுகிறது. இதயக் கருவிக்கு ஐயம் என்ற நிலை ஏறத்தாழ இல்லை, திரிபு உண்டு. கீழறை சுருங்கும்போது அதன் உட்சுவரில் எழும் மின்குறி பொதுவாக 5 முதல் 20 மில்லிவோல்ட் வரை இருக்கும். பேஸ்மேக்கர் வழக்கமாக 2 மில்லிவோல்ட்டை ஒட்டிய குறிகளையே துடிப்பாகக் கொள்ளும்படி அமைக்கப்படும். டிஃபிபிரிலேட்டரோ 0.3 மில்லிவோல்ட் அளவுக்குக் கூர்மையாகக் கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் உயிர்க்கொல்லியான கீழறை நடுக்கத்தின் குறிகள் சிறியவை, ஒழுங்கற்றவை. அவற்றைத் தவறவிட்டால் ஆள் போய்விடுவார். உயிர் காக்கும் அதே கூர்மைதான் அந்நிய மின்சாரத்துக்கும் செவி கொடுக்கிறது.

மின் அக்குபஞ்சர் கருவிகள் பெரும்பாலும் 2 ஹெர்ட்ஸ் முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான துடிப்புகளைத் தருகின்றன. பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் நடத்திய ஆய்வுகளுக்குப் பின், குறைந்த அதிர்வெண்ணும் உயர்ந்த அதிர்வெண்ணும் உடலில் வெவ்வேறு வலிநீக்கிப் பொருள்களைச் சுரக்கச் செய்கின்றன என்ற கருத்து பரவியது. ஆகவே இரண்டையும் மாறி மாறித் தருவதும் உண்டு. இங்கே ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. 2 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 120 துடிப்பு. வேகமாக நடக்கும் ஒருவரின் நாடி அது. மிக வேகமான இரைச்சலை இரைச்சல் என்று பல பேஸ்மேக்கர்கள் அடையாளம் கண்டு, பழைய லார்சன் கருவியைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு நிலையான வேகத்துக்கு மாறிவிடும். 120 என்ற எண்ணிலோ ஐயப்பட எதுவுமில்லை. இதயம் நன்றாகத் துடிக்கிறது என்று எண்ணிப் பேஸ்மேக்கர் சும்மா இருந்துவிடலாம். சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அந்தச் சும்மா இருத்தல் மயக்கம். டிஃபிபிரிலேட்டர் இதயத்தின் 70 துடிப்பையும் ஊசியின் 120 துடிப்பையும் சேர்த்து எண்ணினால் 190ஐ நெருங்கும். பலருக்கு அது சிகிச்சை தொடங்கும் எல்லை. 100 ஹெர்ட்ஸை அது நேராகவே நடுக்கம் என்று படித்துவிடக்கூடும். விளைவு, விழித்திருக்கும் ஒருவரின் மார்பில் தேவையற்ற அதிர்ச்சி.

ஊசி தோலைத் துளைத்து உள்ளே இருப்பதும் ஒரு காரணி. உடலின் மின்தடையில் பெரும்பங்கு தோலுடையது. தோல்மேல் ஒட்டி, வலி தணிக்க நரம்புகளுக்கு மின்துடிப்பு தரும் டென்ஸ் (TENS) கருவி அந்தத் தடையைக் கடக்க வேண்டும். ஊசிக்கு அந்த வேலை இல்லை. இதயக் கருவியின் பக்கமிருந்து பார்த்தால் பெட்டியிலிருந்து இதயத்துக்குள் செல்லும் லீட் கம்பியின் அமைப்பு முக்கியம். கம்பி நுனிக்கும் மார்பிலுள்ள பெட்டிக்கும் இடையே கேட்கும் பழைய ஒற்றைமுனை அமைப்பு அகலமாக விரித்த வலை. கம்பி நுனியிலேயே அருகருகே இரு முனைகள் கொண்ட இன்றைய அமைப்பு மிகச் சிறிய வெளியை மட்டுமே கேட்கிறது. ஆகவே பழைய அனுபவங்களை இன்றைய கருவிக்கு அப்படியே பொருத்த முடியாது. இது இரு பக்கமும் வெட்டும்: பழைய தீங்கும் இன்று நிகழாமல் போகலாம், பழைய பத்திரமும் இன்று செல்லாமல் போகலாம்.

பதிவான நிகழ்வுகளுக்கு வந்தால், குறைந்த அதிர்வெண் அக்குபஞ்சர் பேஸ்மேக்கரைப் பாதித்ததை 1980இல் செஸ்ட் இதழ் வெளியிட்டது. அக்குபஞ்சரால் டிஃபிபிரிலேட்டர் தேவையற்ற அதிர்ச்சி கொடுத்ததை 2005இல் யூரோபேஸ் இதழ் வெளியிட்டது. இடையூறின்றி முடிந்த சிகிச்சைகளைச் சொல்லும் எழுத்துகளும் உண்டு. நெருங்கிய உறவான டென்ஸ் கருவியில் சான்று சற்றுக் கூடுதல். 1988இல் வெளியான ஓர் ஆய்வில் பேஸ்மேக்கர் உள்ள 51 பேருக்கு உடலின் நான்கு இடங்களில் டென்ஸ் வைத்துப் பார்த்தும் ஒருவரிடமும் இடையூறு தென்படவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, நீண்ட நேர ஈசிஜி பதிவில் மட்டும் இடையூறு வெளிப்பட்ட இரு நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்தது. 2008இல் டிஃபிபிரிலேட்டர் உள்ள 30 பேரைச் சோதித்த ஸ்வீடன் ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கருவியின் கேட்கும் திறனில் குறுக்கீடு காணப்பட்டது.

இந்தச் சிறு குவியலை வைத்துக்கொண்டு என்ன அறிய முடியும்?

காணாமை ஒரு பொருளின் இன்மையை அறிவிக்கும் தனி அளவை, அதாவது அறிவு தரும் தனி வழி, என்று நிறுவியவர்கள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் குமாரில பட்டரின் மீமாஞ்சை வழியினர். அதற்கு அவர்கள் தந்த பெயர் அனுபலப்தி. அத்வைத வேதாந்திகள் அதை ஏற்றனர். மீமாஞ்சையிலேயே பிரபாகரர் வழியினர் மறுத்தனர். நியாய வழியினரான நையாயிகர்கள் இன்மையும் ஒருவகைக் காட்சியாலேயே அறியப்படுகிறது என்றனர். பௌத்தரான தர்மகீர்த்தி அதை அனுமானத்துக்குள் அடக்கினார். தமிழில் மணிமேகலை, சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும் காதையில், இன்மையாகிய அபாவத்தை அளவைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அபாவத்தையும் பிற அளவைகளையும் எடுத்துச் சொல்லி, எல்லாம் காண்டல் (நேரே காணல்), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்தார்.

எந்தப் பெட்டியில் அடைப்பது என்பதில் இவ்வளவு சண்டையிட்டவர்கள் ஒரு நிபந்தனையில் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போனார்கள். வெறும் காணாமை எதையும் நிறுவாது. இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லத்தக்க நிலையில் காணாமை மட்டுமே இன்மைக்குச் சான்று. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சைப் பகுதியில் வாழ்ந்த தர்மராஜ அத்வரீந்திரர் வேதாந்த பரிபாஷையில் இதைக் குடத்தை வைத்து விளக்குகிறார். வெளிச்சம் நிறைந்த தரையில் குடம் இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை, ஆகவே இல்லை. இருட்டில் அப்படி வாதிட முடியாது. தர்மகீர்த்தி இன்னும் கடினமான எல்லைக்குப் போகிறார்: இயல்பிலேயே கண்ணுக்குப் புலப்படாத பிசாசைக் காணாததால் அது இங்கே இல்லை என்று நிறுவ முடியாது, கிடைப்பது ஐயம் மட்டுமே.

இந்த நிபந்தனையைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுவந்தால் நிலைமை தெளிவாகிறது. இடையூறு நிகழ்ந்திருந்தால் யாராவது கண்டிருப்பார்களா? படுத்திருக்கும் நோயாளியின் பேஸ்மேக்கர் இரண்டு மூன்று நொடி ஓய்ந்தால், சொந்தத் துடிப்பு ஓரளவு உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. தலைசுற்றினாலும், ஊசி போடும்போது சிலருக்கு மயக்கம் வருவது அக்குபஞ்சர் செய்பவர் எவருக்கும் பழக்கமான காட்சி. இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். டிஃபிபிரிலேட்டர் ஒரு குறுக்கீட்டைத் தன் நினைவகத்தில் எழுதி வைத்திருந்தாலும், மாதங்கள் கழித்துக் கருவிச் சோதனைக்குப் போகும்போதுதான் அது படிக்கப்படும். அன்று அந்தத் தேதியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் நோயாளிக்கு ஊசி நினைவுக்கு வருமா என்பது ஐயம். வந்தாலும், ‘அங்கே போனேன்’ என்று இதய மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவோர் பலர். ஆக, அறை இருட்டு. 1988 ஆய்வில் காணாத ஒன்றை 1990 அறிக்கையில் நீண்ட நேர ஈசிஜி கண்டதன் பொருளும் இதுதான்: தீங்கு புதிதாக வரவில்லை, விளக்கு ஏற்றப்பட்டது.

இருட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்குபஞ்சர் பாடநூல்கள் இதயக் கருவி உள்ளவருக்கு ஊசியில் மின்சாரம் கொடுப்பதை நீண்ட காலமாகவே விலக்கி வந்திருக்கின்றன. விதியை மதிப்பவர்கள் செய்யவில்லை, மீறுபவர்கள் எழுதவில்லை. ஆகவே தீங்கு பற்றிய மௌனத்தின் ஒரு பகுதி, தடையே உண்டாக்கிய மௌனம். அதைக் காட்டித் தடை தேவையில்லை என்று வாதிடுவது தன் காலின் கீழுள்ள கிளையை வெட்டுவது.

வெளிச்சம் போதுமான இடத்திலும் எண்ணிக்கை போதுமா என்ற கேள்வி எழும். ஒரு சோதனையில் பலரைப் பார்த்தும் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்றால், உண்மையான ஆபத்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்குப் புள்ளியியலாரிடம் ஓர் எளிய கணக்கு இருக்கிறது: 3ஐப் பார்த்தோரின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஹேன்லியும் லிப்மன்-ஹேண்டும் 1983இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இதை மருத்துவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். 51 பேரில் ஒருவருக்கும் இல்லை என்றால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லத்தக்கது, ஆபத்து ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு மேல் இருக்காது என்பது மட்டுமே. நூற்றுக்கு ஆறு பேர் மயங்கக்கூடும் என்ற சிகிச்சையை எவரும் பத்திரமானது என்று சொல்லமாட்டார்கள். சுழியம் என்ற எண் மனத்துக்குத் தரும் ஆறுதல் அதன் தகுதிக்கு மிகையானது.

ஆனால் தர்மகீர்த்தியின் நிபந்தனை எதிர்த் தரப்பையும் விடாது. காணாமை இன்மையை நிறுவாத இடத்தில் அது இருப்பையும் நிறுவாது. ‘பத்திரம் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆகவே ஆபத்து’ என்பதும் இருட்டறைக்குள் குடம் இருக்கிறது என்று சாதிப்பதுதான். மருத்துவமனைச் சுற்றறிக்கைகளில் இந்தத் தாவல் அடிக்கடி நிகழ்கிறது. முழங்கால் வலியால் தூக்கமில்லாத ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பதால் வழக்கமான வலிமாத்திரைகளும் அவருக்கு ஆகாது. அவருக்குத் தடை என்பது வெறும் எச்சரிக்கை ஆகாது, ஓர் இழப்பு. அந்த இழப்பையும் யாரும் பதிவு செய்வதில்லை.

காணாமை கைவிட்ட இடத்தில் மற்ற அளவைகள் என்ன தருகின்றன என்பதுதான் அடுத்து. கருதல் இங்கே வலுவாக இருக்கிறது. புகைக்கும் நெருப்புக்கும் இடையிலானது போன்ற உடனிகழ்வு உறவை நையாயிகர்கள் வியாப்தி என்றனர். மின்னோட்டத்தின் பாதைக்கும் குறுக்கீட்டுக்கும் இடையே அத்தகைய உறவு தெரிந்த ஒன்று. இணை ஊசிகள் இரண்டும் ஒரே காலில், முழங்காலுக்குக் கீழே இருந்தால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். ஒன்று இடக்கை, மற்றொன்று வலக்கை என்றால் பாதை மார்பின் குறுக்கே போகிறது. இந்த இரண்டையும் ‘மின் அக்குபஞ்சர்’ என்ற ஒரே பெயரில் அடக்கி ஒரே தீர்ப்புச் சொல்வது அனுமானத்தின் குற்றம்.

உரை சற்றுச் சிக்கலானது. கருவி நிறுவனங்களின் கையேடுகள் எச்சரிக்கின்றன. அவற்றுக்கு வழக்குப் பயம் உண்டு. சிகிச்சையாளர்கள் உறுதியளிக்கிறார்கள், அவர்களுக்குத் தொழில் உண்டு. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவரின் சொல்தான் அளவை என்றார். அந்தத் தகுதி முனிவருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த விஷயத்தில் அந்தத் தகுதிக்கு மிக அருகில் வருபவர் கருவிச் சோதனை அறையில், இதயக் கருவியைப் படிக்கும் புரோகிராமர் என்ற கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் தொழில்நுட்பர். ஊசியில் மின்சாரம் ஓடும்போது கருவி என்ன கேட்கிறது என்பதை அவர் திரையில் நேரே பார்க்கிறார். இருட்டறைக்கு விளக்கு உண்டு என்பதே இதன் பொருள். ஒருவருடைய கருவியை, அவருக்குச் செய்யப்போகும் அதே இடத்தில், அதே அதிர்வெண்ணில், அதே அளவு மின்னோட்டத்தில் சோதித்து இடையூறு தென்படவில்லை என்றால், அந்தக் காணாமை தர்மராஜர் கேட்ட தகுதியுள்ள காணாமை. அது அந்த ஒருவருக்கு மட்டும், அந்த அமைப்புக்கு மட்டும் செல்லும், இன்னொருவருக்கு நீளாது.

சீன மருத்துவத்தின் ‘சி’ என்னும் உயிராற்றல் பற்றிய வாதம் இந்தக் கேள்விக்குள் அடிக்கடி நுழைகிறது. மணிக்கட்டு மடிப்புக்குச் சற்று மேலே உள்ள நெய்குவான் புள்ளி இதய உறையின் நாளத்தைச் சேர்ந்தது, இதயத்துக்கு நன்மை செய்வது, ஆகவே இதய நோயாளிக்கு அதுவே பொருத்தமானது என்பார்கள். நாளங்களின் வரைபடத்தில் அது இதயத்துக்கு அருகில்; மின்னோட்டத்தின் வரைபடத்தில், இரு மணிக்கட்டுகளிலும் வைத்தால், மிக மோசமான பாதை. இரண்டு வரைபடங்களும் ஒரே உடலின் மேல் வரையப்பட்டவை. ஆனால் பேஸ்மேக்கர் இரண்டாவதை மட்டுமே படிக்கும். உயிராற்றல் உண்டா இல்லையா என்பதை இங்கே முடிவு செய்யத் தேவையே இல்லை. அதை முழுமையாக நம்புபவரும், முற்றாக மறுப்பவரும் மின்னோட்டம் இருப்பதை மறுக்கவில்லை. மேலும், ஊசியில் மின்சாரம் என்பது சீன மரபின் பழைய கூறும் அன்று; 1825இல் பிரான்சில் சார்லாந்தியேர் அதைப் பற்றி நூல் எழுதினார், சீனாவில் அது பரவியது 1950களில். மரபின் தொன்மையைக் காட்டி அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தர முடியாது. தமிழ்நாட்டில் பலர் செய்யும், விரலாலோ ஒற்றை ஊசியாலோ புள்ளியைத் தொடும் முறையில் மின்சாரமே இல்லை என்பதால் கருவிக் குறுக்கீடு என்ற சிக்கலும் அங்கே எழாது.

அறிவின் கேள்வி இதோடு தீர்ந்தாலும் செயலின் கேள்வி மிஞ்சுகிறது. ஐயம் நீங்காதபோது நிரூபிக்கும் சுமை யாருடையது? ஹன்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட பொறுப்புணர்வு பற்றிய நூலில், பெருந்தீங்கு சாத்தியமுள்ள இடத்தில் நல்ல கணிப்பைவிடக் கெட்ட கணிப்புக்கே முதலிடம் தர வேண்டும் என்று வாதிட்டார். அவர் மனத்தில் இருந்தது மனித இனத்தின் எதிர்காலம். ஒரு முழங்கால் வலிக்கு அந்தத் தராசு பெரிது. ஆனால் அதன் உள்ளிருக்கும் கருத்து இங்கும் செல்லும்: இரு பக்கத் தவறுகளும் சமமானவை அல்ல. தேவையின்றித் தடுத்தால் ஒருவருக்கு வலி சில நாள் நீடிக்கும்; மின்சாரம் இல்லாத சாதாரண ஊசி அப்போதும் கையில் இருக்கிறது. தேவையின்றி அனுமதித்தால், முழுக்கப் பேஸ்மேக்கரை நம்பி வாழ்பவர் மேசையிலேயே சாயலாம். மாற்று வழி இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் இடத்தில் நிரூபிக்கும் சுமை மின்சாரம் செலுத்த விரும்புபவர் மேல்தான் விழுகிறது. அந்த மாற்று இல்லாதிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

நோயாளியின் சம்மதம் இந்தச் சுமையை இறக்கி வைத்துவிடாது. ‘இதுவரை ஒன்றும் ஆனதில்லை’ என்று கேட்டுத் தலையசைப்பவர், இருட்டறையில் குடம் இல்லை என்று சொல்லக் கேட்டுச் சம்மதிப்பவர். ‘இதுவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை’ என்று சொல்லிக் கேட்டிருந்தால்தான் அது சம்மதம்.

ஆகவே டிஃபிபிரிலேட்டர் உள்ளவருக்கும், பேஸ்மேக்கரை முழுக்க நம்பியிருப்பவருக்கும் ஊசியில் மின்சாரம் கூடாது. மற்றப் பேஸ்மேக்கர் நோயாளிகளுக்கு, இணை ஊசிகள் இரண்டும் ஒரே காலிலோ ஒரே முன்கையிலோ இருக்க, இதய மருத்துவரின் ஒப்புதலோடு, கருவிச் சோதனை அறையில் நேரில் பார்த்தபின் மட்டுமே செய்யலாம். அந்தச் சோதனைக்கு வழியில்லாத இடத்தில் மின்சாரம் இல்லாத ஊசியே போதும்.